சிங்கமும் பச்சைத் தண்ணீரும்

எலிக்கூடத்துக்காரருக்குக் கோபம் வந்தால் முதலில் மீசை துடிக்கும். பிறகுதான் வாய் திறக்கும். அன்று ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை முடிந்து வீட்டு மாடிப் படியேறும்போதே மீசை துடித்தது.

"அநியாயம்! ஆண் எலியை எல்லாம் சூட்டு அறையில போட்டு வதக்கினாங்க. அப்புறம் பெட்டையோட சேர்த்தாங்க. ஒரு குட்டிகூடப் பிறக்கல. உடனே அந்தப் புது ஆபீசர், பெட்டைங்க சரியில்ல, மாத்துன்னு கத்துறான்! பெட்டை என்ன பாவம் பண்ணுச்சு? பழுது ஆம்பளைகிட்ட!"

மனைவி தட்டை வைத்தபடி கேட்டாள். "சூடு அவ்வளவு கெடுதலாங்க?"

"பின்னே? விந்து வத்திப்போயிடும். மிச்சம் இருக்கிறதுலயும் குரோமோசோம் உடைஞ்சு கிடக்கும். குளிர்ச்சியான இடத்துல கொஞ்ச மாசம் விட்டா, தானாத் தேறிடும்."

கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தையில்லை. அவள் போகாத டாக்டர் இல்லை, குத்திக்கொள்ளாத ஊசி இல்லை. "உங்ககிட்ட குறையில்லம்மா, அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். கூப்பிட்டால், "எனக்கா டெஸ்டு? நான் சிங்கம்டி!" என்று குதித்தார். குதித்த கையோடு வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கினார். காலையும் மாலையும் ஆவி பறக்க ஊறி, வெந்த நண்டாக வெளியே வருவதுதான் அவருக்குச் சொர்க்கம்.

அன்றும் இறங்கினார். பெட்டை எலிக்காக வாதாடிய அதே வாயால், உள்ளேயிருந்து, "எங்கம்மா சொன்னது சரிதான். எல்லாம் உன் ராசி!" என்றார்.

மறுநாள் ஹீட்டர் செத்தது.

"கீழ்வீட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுடி!"

"சொல்லியாச்சுங்க. நாளைக்கு வர்றாராம்."

அந்த 'நாளைக்கு' வரவேயில்லை. தானே திறந்து பார்க்கலாமென்றால், சுவிட்சைத் தொடவே செருப்பு தேடுகிற வீரர் அவர். அடுப்பில் காய்ச்சி ஒரு குண்டான் கொண்டுவந்து வைத்தாள். "பிச்சையா போடுற?" என்று அதைக் கொட்டிவிட்டு, பல் கிடுகிடுக்கப் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். ஹீட்டர் செய்தவனை, விற்றவனை, மின்சாரத்தைக் கண்டுபிடித்தவனைக்கூட விடாமல் திட்டினார்.

மாதங்கள் ஓடின. ஒரு நாள் அவள் டாக்டரிடம் போய்விட்டு வந்து, வெட்கத்தோடு விஷயத்தைச் சொன்னாள்.

"பார்த்தியா சிங்கத்தை!" என்று கூத்தாடினார். வந்த குஷியில், கீழ்வீட்டு எலக்ட்ரீஷியனை இன்று ஒரு கை பார்ப்பதென்று இறங்கினார்.

"ஏன்யா, ஹீட்டரைப் பார்க்க உனக்கு நல்ல நாள் பார்க்கணுமா?"

"என்னை ஏன் சார் திட்றீங்க? ஹீட்டரோட ஃபியூஸ் கட்டையைக் கழட்டச் சொன்னதே அக்காதானே!"

ஒரே பாய்ச்சலில் மேலே வந்தார். "எங்கடி அது?"

அவள் டீத்தூள் டப்பாவிலிருந்து எடுத்து நீட்டினாள். கண்ணில் ஆறு வருஷக் கோபம். "இந்தாங்க. எலிக்காக வீடு அதிரக் கத்தினீங்களே, எனக்காக ஒரு வார்த்தை பேசினீங்களா? நான் சொன்னா உங்க காதுல ஏறாது. அதான் நீங்க சொன்னதையே செஞ்சேன்."

மீசை துடித்தது. வாய் திறந்தபோது குரல் இறங்கியிருந்தது. "இனிமே... வெந்நீர் போட்டுக்கலாமில்ல?"

"தாராளமா. ரெண்டாவது வேண்டாம்னா."

சிங்கம் ஃபியூஸ் கட்டையை அதே டப்பாவில் வைத்து, தானே மூடிவிட்டு, பச்சைத் தண்ணீரில் குளிக்கப் போனது.