புயல்தோளனுக்கு ஒரு நாளைக்கு ஏழுதான்

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு (இனி அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை, கூப்பிட்டுவிட்டேன், வாபஸ் வாங்குவதாக இல்லை),

வணக்கம். ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே மற்றவர்களின் சௌக்கியத்தைப் பிறகு விசாரிக்கிறேன். முதலில் உங்கள் வீட்டுக்காரரின் கழுத்து எப்படி இருக்கிறது? வெந்நீரில் துணியை நனைத்து, பிழிந்து, பொறுக்கிற சூட்டில் காலையும் மாலையும் பத்து நிமிஷம் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். நான்கு நாளாக விளக்கேற்றும்போது என் பெண்ணுக்கு முன்னால் அவர் கழுத்துக்குத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டுத்தான் இந்தக் கடிதம். மன்னிப்புக் கேட்பதில் எனக்கு வெட்கம் கிடையாது. ஆனால் எதற்குக் கேட்கிறேன், எதற்குக் கேட்கவில்லை என்பது தெளிவாக இருக்க வேண்டும். சால்வைக்குக் கேட்கிறேன். சிந்திய சோளப்பொரிக்குக் கேட்கிறேன். எழுந்து நின்று கத்தியதற்கும் கேட்கிறேன். கத்திய விஷயத்துக்குக் கேட்க மாட்டேன். அது சரி.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். இரண்டு குடும்பமும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள ஏதாவது ஓட்டலில் உட்கார்ந்து விறைப்பாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட எல்லோருமாக ஒரு சினிமாவுக்குப் போகலாம் என்று சொன்னது உங்கள் வீட்டுக்காரர்தான். என்ன படம் என்று கேட்டேன். "புயல்தோளன்" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு எனக்கு வாத்தியார் என்று யாராவது இருந்தால் அது புயல்தோளன்தான். பழைய பேப்பர் கடையிலிருந்து என் அண்ணன் கொண்டுவந்து போட்ட சித்திரக்கதைப் புத்தகங்களில், அவன் வாயிலிருந்து கிளம்பும் பேச்சுக் குமிழிகளை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் இந்தக் கடிதம் எழுதுகிற அளவுக்கு வந்திருக்கிறேன். இதுவரை வந்த இருநூற்றுப் பன்னிரண்டு இதழும் என்னிடம் இருக்கின்றன. அதற்கென்று ஒரு நோட்டும் இருக்கிறது. இதழ் எண், சக்தியை எதற்குச் செலவழித்தான், அன்றைக்கு மீதி எத்தனை என்று மூன்று கட்டம் போட்டு, ஒரு இதழ் விடாமல் எழுதி வைத்திருக்கிறேன்.

உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். புயல்தோளன் தையல் இயந்திரம் பழுது பார்க்கிற சாதாரண ஆள். பன்னிரண்டாம் இதழில் கலங்கரை விளக்கத்துப் பெரியவர் அவனுக்கு வரம் கொடுக்கிறார். ஒரு நாளைக்கு ஏழு முறைதான் அவன் தோளில் புயல் ஏறும். எட்டாவது முறை அவனும் நம்மைப் போல. வரம் என்றால் அப்படித்தான் இருக்கும். நிபந்தனை இல்லாமல் எந்தச் சாமி வரம் கொடுத்திருக்கிறது?

என் மகள் வீட்டிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அங்க வந்து வாயத் திறக்கக்கூடாது. அவங்க அம்மா ரொம்ப அமைதியானவங்க" என்றாள். சாமி படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியமே வாங்கினாள். இடைவேளை வரைக்கும் நான் காப்பாற்றினேனா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். அவன் மேலங்கியில் ஒரு சுருக்கம், ஒரு ஒட்டுத்துணி இல்லை. புத்தகத்தில் முழங்கை கிழிந்து அவனே தைத்துப் போட்டிருப்பான். பேசாமல் இருந்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் முகமூடியைக் கழற்றினான், நடிகர் முகம் தெரிய வேண்டுமே! பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆறு மாடிக் கட்டடத்தை இடித்துத் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். புத்தகத்தில் சண்டை முடிந்தால் கடைசிக் கட்டத்தில் கையில் விளக்குமாறோடுதான் நிற்பான். அதற்கும் பேசவில்லை. நியாயத்தையும் சொல்ல வேண்டும்: அவன் முதல் முதலாகக் கடலுக்கு மேலே எழும்பிய இடத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. முப்பது வருஷமாகக் காகிதத்தில் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தவன் அசைந்தால் வராதா? தையல் இயந்திரத்தின் சத்தத்தைக்கூட அச்சு அசலாகப் பிடித்திருந்தார்கள்.

நோட்டை எடுத்துவர என் மகள் விடவில்லை. அதனால் கைக்குட்டையில் முடிச்சுப் போட்டு எண்ணினேன். என் கைக்குட்டையில் நான்கு மூலை, என் வீட்டுக்காரர் கைக்குட்டையில் மூன்று. ஏழாவது முடிச்சில் இடைவேளை விட்டார்கள். ஒரு மூலை மீதி. எனக்கு அப்படி ஒரு திருப்தி. படம் எடுத்தவருக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது, இனி ஒரு பொழுது விடியட்டும், பிறகு அடுத்த ஏழு என்று நினைத்துக்கொண்டேன். இடைவேளை முடிந்து விளக்கு அணைந்தது. பாலத்துக்கடியில் மயங்கிக் கிடந்தவன் கண்ணைத் திறந்தான், பாலத்தை அப்படியே தூக்கினான். எட்டு! மணிக்கூண்டுக் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், அதே நாள், மாலை நாலு மணி. ரயிலை நிறுத்தினான், ஒன்பது. எனக்கு மூலை தீர்ந்துபோயிற்று. குளிருக்குப் போர்த்தியிருந்த சால்வையின் குஞ்சத்தில் முடிச்சுப் போட ஆரம்பித்தேன். என் சால்வை என்றுதான் நினைத்தேன். அந்த இருட்டில் உங்கள் வீட்டுக்காரருடைய பழுப்புச் சால்வையும் என்னுடைய பழுப்புச் சால்வையும் ஒன்றுபோல இருந்ததற்கு நான் என்ன செய்ய? அவரும் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார், இழுத்தது தெரியவில்லை. அவசரத்தில் சில முடிச்சு நாற்காலியின் கைப்பிடிக் கம்பியைச் சுற்றி விழுந்திருக்கிறது. படம் முடிகிற சமயம் அவன் முப்பத்தோராவது முறையாக, ஆமாம், முப்பத்தொன்று, கப்பலைத் தோளில் தூக்கினான். அதே நேரத்தில் உங்கள் வீட்டுக்காரர் விழித்து, வெளியே போய்வர எழுந்திருக்கிறார். கழுத்தைச் சுற்றியிருந்த சால்வை விடவில்லை. அவர் "ஐயோ" என்றது எனக்குக் கேட்கவே இல்லை, சம்பந்தி அம்மா. நான் எழுந்தது அதற்காக இல்லை.

"ஏழு எப்பவோ முடிஞ்சு போச்சு! இனிமே அவனால முடியாது, நம்பாதீங்க!" என்றுதான் கத்தினேன்.

நீங்கள் உங்கள் வீட்டுக்காரருக்கு மாரடைப்பு என்று நினைத்துச் சோளப்பொரியை மேலே வீசினீர்கள். டார்ச் விளக்கோடு ஒரு ஆள் ஓடி வந்தான். "அம்மா, உக்காருங்க, படம் இன்னும் முடியல" என்றான்.

"படம் முடியலப்பா, அவன் சக்தி முடிஞ்சு போச்சே!"

"அந்தக்கா சொல்றது சரிதான்யா" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் நீங்கள் சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "இப்படிக் கணக்குப் பாக்கிற வீட்டுல வளந்த பொண்ணு, நாளைக்கு எம் பையன் எத்தன தடவ கொட்டாவி விட்டான்னு நோட்டுல எழுத மாட்டாளா? யோசிச்சுச் சொல்றோம்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டீர்கள். நான்கு நாளாக யோசிக்கிறீர்கள். என் வீட்டுக்காரர், "ஒரு முகமூடிக்காரனுக்காக மாப்பிள்ளையக் கோட்டை விட்டியே" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். என் மகள் என்னோடு பேசுவதில்லை. நேற்று மட்டும் ஒரு வாக்கியம்: "இப்ப வரச் சொல்லேன் உன் புயல்தோளன, வந்து காப்பாத்தட்டும்." சொல்லும்போது சிரிக்கிற மாதிரி ஆரம்பித்தாள். முடிக்கும்போது அழுதாள். ஐந்து வயசுக்குப் பிறகு அவள் என் எதிரில் அழுது நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

உங்கள் பயத்துக்குப் பதில் சொல்கிறேன். முதலாவது, என் மகளுக்குக் கணக்கு வராது. அவள் ஒரு பல் மருத்துவமனையில் செயற்கைப் பல் செய்கிறாள். அங்கே முப்பத்திரண்டு வரைக்கும் சரியாக எண்ணுவாள், அதோடு சரி. இந்த வீட்டில் எத்தனை கரண்டி இருக்கிறது என்று கேட்டால் மேலே பார்ப்பாள். இந்த வருஷம் மட்டும் ஐந்து குடை தொலைத்திருக்கிறாள். அதுவும் நான் எழுதி வைத்ததால்தான் தெரியும். உங்கள் மகன் ஒரு நாளைக்கு நூறு கொட்டாவி விட்டாலும் அவள் கவனிக்கப்போவதில்லை. என் குணம் அவளுக்கு ஒரு சொட்டும் ஒட்டவில்லை என்று நான் வருத்தப்படாத நாளில்லை. இன்றைக்கு அதையே அவளுக்கு நற்சான்றிதழாக எழுதுகிறேன்.

இரண்டாவது, எண்ணுவது சந்தேகப்படுவது ஆகாது. எண்பத்தெட்டாம் இதழில் மத்தியானத்துக்குள்ளேயே அவனுக்கு ஏழும் தீர்ந்துவிடும். சாயங்காலம் ஒரு குழந்தை கிணற்றில் விழுந்துவிடும். என்ன செய்தான் தெரியுமா? மேலங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தெருத் தெருவாக ஓடிக் கதவைத் தட்டுவான். எட்டுப் பேர் வருவார்கள், கயிறு கட்டி இழுப்பார்கள், இவன் உள்ளங்கை கிழிந்து ரத்தம் கொட்டும். குழந்தை வெளியே வந்த பிறகு யாரும் அவனுக்கு நன்றிகூடச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவன் அவர்களில் ஒருவன். அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்பதற்கு மட்டும் நோட்டில் கணக்கில்லை. ஏழு என்ற எண் இல்லாவிட்டால் அந்தக் கதையே கிடையாது. சினிமாக்காரர்கள் எண்ணை எடுத்துவிட்டார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் தூக்கலாம் என்று ஆகிவிட்ட பிறகு, அவன் கப்பலைத் தூக்கினால் என்ன, கடலைத் தூக்கினால் என்ன? நமக்கும்தான் காலையிலிருந்து எல்லாம் செய்து முடித்து, உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை என்று படுக்கும்போது யாருக்காவது காய்ச்சல் வருகிறது. எழுந்திருக்கிறோம். அதை யார் படமெடுக்கிறார்கள்?

ஆகையால் இதுதான் என் முடிவு. உங்கள் வீட்டில் என் மகள் வாழப்போனால் நான் உங்களோடு எந்தப் படத்துக்கும் வர மாட்டேன், வந்தாலும் தனி வரிசையில் உட்காருவேன், சால்வை போர்த்த மாட்டேன். ஏழு மட்டும் ஏழுதான். அந்த எண்ணை மாற்றிக்கொண்டால்தான் சம்பந்தம் என்றால், அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். என் நோட்டில் ஒரு தப்பு இருப்பதாக இதுவரை யாரும் காட்டியதில்லை. நன்றாக யோசித்து, கூடிய சீக்கிரம் சொல்லுங்கள். இரண்டு பிள்ளைகளும் மனசு ஒத்தவர்கள். நம் வயசுக்காரர்களால் அது கெட வேண்டாம்.

உங்கள் வீட்டில் நோய்நொடி அண்டாமல், நினைத்தது நடந்து, எல்லோரும் நிறைவாக இருக்க அன்றாடம் வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் பதில் போடாவிட்டாலும் அதை நிறுத்த மாட்டேன்.

இப்படிக்கு,
பெண்ணின் அம்மா

பி.கு: கடிதத்தை ஒட்டப்போகிற நேரத்தில் உங்கள் மகன் வந்தார். நீங்கள்தான் அனுப்பினீர்கள் என்று நினைத்து உட்காரச் சொன்னேன். இல்லையாம், உங்களுக்குத் தெரியாமல்தான் வந்தாராம், நான் சொன்னதாக வேண்டாம். "அந்தப் பன்னிரண்டாம் இதழ நான் பாக்கலாமா ஆன்ட்டி?" என்றார். கொடுத்தேன். எக்ஸ்ரே இயந்திரத்தோடு புழங்குகிறவர் அல்லவா, எதைக் கையில் கொடுத்தாலும் வெளிச்சத்துக்கு நேராகத்தான் பிடிப்பார் போலிருக்கிறது. ஜன்னலுக்கு நேரே ஒரு தாளைப் பிடித்தார். "அத்தை, இது ஒரு தாள் இல்ல, ரெண்டு" என்றார். முதல் முறையாக அத்தை என்றார், அதைக் கவனிக்க விடாமல் அடுத்ததைச் சொல்லிவிட்டார். பதின்மூன்றாம் பக்கத்துக்கு அடுத்துப் பதினாறு வருவதை அச்சகத்துக்காரன் தவறு என்று முப்பது வருஷத்துக்கு முன்னால் நானே மன்னித்திருந்தேன். அது அச்சகத்துக்காரன் தவறில்லை. கிழிந்த ஓரத்துக்கு மைதாப் பசை தடவி நான் பாத்திரத்தைப் பாரம் வைத்ததில் நடுவில் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. கொதிக்கிற கெண்டியின் ஆவியில் காட்டிப் பொறுமையாகப் பிரித்தார். உள்ளே கலங்கரை விளக்கத்துப் பெரியவர் தெளிவாகச் சொல்கிறார்: ஒரு நாளைக்கு ஏழு இல்லை, ஒரு தூக்கத்துக்கு ஏழு. கண் அசந்து விழித்தால் மறுபடி ஏழு.

"படத்துல நாலு தடவ மயங்கி விழுந்தான் அத்தை. அஞ்சேழு முப்பத்தஞ்சு. அவன் முப்பத்தொண்ணுதான் செலவு பண்ணிருக்கான்" என்றார் மாப்பிள்ளைத் தம்பி. எனக்கு ஆறுதலாம்.

என் மகள் நான்கு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். என் வீட்டுக்காரர் பேப்பருக்கு வெளியே வந்துவிட்டார். எண்பத்தெட்டாம் இதழில் அன்றைக்கு மத்தியானம் அவன் ஏன் ஒரு குட்டித் தூக்கம் போடவில்லை என்று தம்பியும் நானும் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம். அவர் ஒன்று சொல்கிறார், நான் ஒன்று சொல்கிறேன், அவர் இங்கேயே சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார். ஆகவே மேலே ஏழைப் பற்றி எழுதியதை எல்லாம் வாபஸ் வாங்குகிறேன். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று எழுதியதையும் அடித்துவிட்டேன். உங்கள் பையனை நாங்கள் கணக்குப் பார்ப்போம் என்று பயந்தீர்கள். அவர் வந்து எங்கள் கணக்கையே பார்த்துவிட்டார். முப்பது வருஷத்தில் என் நோட்டில் தப்புக் கண்டுபிடித்த முதல் ஆள். இனி நீங்களே வந்து கூப்பிட்டாலும் இந்த மாப்பிள்ளையை நான் திருப்பி அனுப்பப்போவதில்லை. கல்யாண வேலையைத் தொடங்குங்கள்.