பதின்மூன்று அடி உழைப்பு

ஜெயிப்பதற்காகப் பாடுபட்டவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் உண்டு. தோற்பதற்காக இருபது வருடம் பயிற்சி எடுத்து, அதன் பயனாக முப்பது கோப்பைகளை வென்ற மாவீரன் அடியேன் ஒருவனே.

கோல்ஃப் ஆட்டத்தில் ஓர் உன்னதமான ஏற்பாடு இருக்கிறது. மோசமாக ஆடுகிறவருக்குச் சலுகை உண்டு. ‘ஹேண்டிகேப்’ என்பார்கள். சனிக்கிழமைதோறும் எத்தனை அடியில் ஆட்டத்தை முடித்தோம் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தால், கிளப் கமிட்டி பார்த்து ஓர் எண் தரும். போட்டியன்று நம் அடிகளில் அந்த எண்ணைக் கழித்துவிடுவார்கள். மிச்சம் யாருக்குக் குறைவோ அவருக்குக் கோப்பை.

என் எண் இருபத்து நான்கு. என் ஆட்டத்துக்குப் பதினொன்றே தாராளம். மீதிப் பதின்மூன்றும் என் சொந்த உழைப்பு.

அது லேசுப்பட்ட உழைப்பில்லை. காலடியில் வாயைப் பிளந்துகொண்டிருக்கும் குழிக்குள் பந்து விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குளத்தில் பந்தைப் போட்டுவிட்டு, “அடடா!” என்று தலையில் கைவைக்க வேண்டும். இந்த ‘அடடா’வுக்காகக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்திருக்கிறேன்.

“உங்களுக்கு வரலைன்னா விட்டுடுங்களேன். எதுக்கு வாராவாரம் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வரீங்க?” என்பாள் மனைவி.

“விடாமுயற்சி” என்பேன், கம்பீரமாக.

இத்தனை கோப்பை வாங்கியும் ஒரு குறை இருந்தது. கிளப் கூடத்தில் ஒரு தேக்குப் பலகை தொங்குகிறது. ஆண்டுக் கோப்பையை வென்றவர் பெயரை அதில் தங்க எழுத்தில் பொறிப்பார்கள். அதில் என் பெயர் வராமல் கண்மூடக் கூடாது என்று இருந்தேன்.

இந்த வருடம் கடைசிச் சுற்றில் என்னோடு ஆடியவர் பல் டாக்டர். எண் எட்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் நிஜமாகவே ஆடுகிற அப்பாவி. வழக்கப்படி அவர் அட்டையை நானும் என் அட்டையை அவரும் எழுதினோம். கடைசிக் குழிவரை இருவரும் சமம். அவர் பந்து மரங்களுக்குப் பின்னால் புல்லுக்குள் போய் விழுந்தது. பின்னாலேயே போனவர், பந்தை வெளியே அடித்துவிட்டு வந்து சொன்னார்:

“எனக்கு ஒரு அடி சேத்துக்குங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி மட்டை பட்டு பந்து அசைஞ்சிடுச்சு.”

“யாரு பாத்தா?”

“நான் பாத்தேனே.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருந்தாலும் அந்த ஓர் அடியைத் திருத்தமான கையெழுத்தில் எழுதிக்கொண்டேன். எண்ணைக் கழித்த பிறகு அவருக்கு எழுபது, எனக்கு அறுபத்தொன்பது.

யாரோ கமிட்டிக்கு மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள். விசாரணை வைத்தார்கள். பலகை கைநழுவிப் போகப் பார்த்தது. செயலாளர் தொண்டையைச் செருமினார்.

“இவர் சனிக்கிழமைகள்ல வேணும்னே மோசமா ஆடறதா புகார். டாக்டர், நீங்க என்ன சொல்றீங்க?”

பல் டாக்டர் எழுந்து நின்றார். “என்ன சார் பேசறீங்க? வேணும்னே பந்தைக் குளத்துல போடற மனுஷன் உலகத்துல இருப்பானா?”

கமிட்டி உறுப்பினர்கள் ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் எண்களும் இருபதுக்கு மேல்தான். ‘புகாருக்கு முகாந்திரம் இல்லை’ என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பலகையில் என் பெயர் ஏறியது. அதைப் பார்க்கப் போன அன்று டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெட்கமாக இருந்தது. கடைவாயில் பல்வலி ஆரம்பித்ததும் அன்றைக்குத்தான்.

ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடிக்க முடியாமல் போனதும் மனைவி பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவருடைய நாற்காலியிலேயே உட்கார வைத்தாள். அவர் என் வாய்க்குள் விளக்கை அடித்தார்.

“பெரிய சொத்தை. துளைபோட்டு அடைக்கணும். வலிக்குதா?”

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கே ஒரு நிமிடம்கூட இருக்க முடியவில்லை. வலி இல்லை என்றால் எழுந்து போகச் சொல்லிவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

“துளிக்கூட இல்ல டாக்டர்.”

“என்னங்க, ராத்திரியெல்லாம் அனத்தினீங்களே?” என்றாள் மனைவி.

“அது வேற.”

டாக்டர் அவளைப் பார்த்துச் சிரித்தார். “சார் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்.”

மரத்துப்போவதற்காக எடுத்து வைத்திருந்த ஊசியை அப்படியே தட்டில் வைத்துவிட்டு, துளைபோடும் மெஷினை எடுத்தார்.