பட்டையர் பெயர் சொல்லாத மரம்

உலகத்திலுள்ள மரங்களையெல்லாம் கடித்துப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் பட்டையர்தான். அவற்றில் ஒன்றையாவது சரியாகக் கண்டுபிடித்தாரா என்று மட்டும் கேட்காதீர்கள்.

எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு களஞ்சிய அலுவலகத்தில் நான் வேலை பார்த்தேன். மரப்பட்டையைச் சுரண்டித் திரிந்ததால் நாங்கள் பட்டையர் என்று பட்டம் வைத்த மனிதர் அங்கே மூத்த கிளாக்கர். ஒரு கோப்புக்கட்டை எடுக்கச் சொன்னால் அவருக்கு இடுப்பு வலிக்கும். மரத்தைக் காட்டினாலோ காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஓடுவார். இலையைக் கசக்கி மோந்து பார்ப்பார், பேனாக்கத்தியால் பட்டையைச் சுரண்டி நாக்கில் வைப்பார், காயைக் கடிப்பார். பிறகு கண்ணை மூடி ஒரு பெயரை அறிவிப்பார். 'தெரியாது' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து ஒருவரும் கேட்டதில்லை.

அன்புவழிபுரத்தில் எங்கள் கணக்காளரின் வீட்டு வளவில் முளைத்த கன்றை மாமரம் என்று சொல்லிவிட்டார். மனுசன் வருடக்கணக்காகத் தண்ணீர் ஊற்றினார். கடைசியில் அது பஞ்சு காய்த்தது. பட்டையர் அசரவில்லை.

"மண் சரியில்லை" என்றார்.

அலுவலக முற்றத்திலும் ஒரு மரம் நின்றது. வெள்ளைக்காரக் கடற்படை நட்டுவிட்டுப் போனதாம். இலைகள் சோடி சோடியாக இருக்கும். கசக்கினால் பச்சை மாங்காய் வாசம். சாம்பல் நிறப் பட்டையை உரித்தால் உள்ளே செங்கல் நிறம். காய் பாக்களவு, பல்லுக்கு இளகாது. அந்த நிழலில்தான் அன்னம்மாக்கா ஒரு மேசையும் அடுப்புமாகத் தேநீர் விற்றார். புருசன் இல்லாத அவருடைய குடும்பம் அந்த அடுப்பை நம்பித்தான் இருந்தது.

"ஐயா, இண்டைக்கு இது என்ன மரம்?" என்று பட்டையரைத் தினமும் சீண்டுவார்.

"பட்டையைப் பாத்தா மருதுதான் பிள்ளை."

"நேற்று இலுப்பை எண்டனீங்கள்?"

"நேற்று நல்ல வெயில். வெயிலில பட்டை பொய் சொல்லும்."

"ஓமோம், பட்டைதான் பொய் சொல்லுறது" என்று அக்கா தேநீரை ஆற்றுவார்.

அப்போதுதான் புதிய மேலதிகாரி வந்தார். அவருடைய காருக்குக் கொட்டில் வேண்டும், மரத்தை வெட்டு என்றார். நிழல் போனால் கடையும் போயிற்று. அன்னம்மாக்கா அன்றிலிருந்து ஒருவரையும் சீண்டவில்லை.

மரம் வெட்டக் கிண்ணியாவிலிருந்து ஒரு காக்கா, முஸ்லிம் அண்ணர்களை அப்படித்தான் கூப்பிடுவோம், கோடரியோடு வந்தார். மரத்தைச் சுற்றி வந்தவர் கோடரியைக் கீழே வைத்துவிட்டார்.

"இது என்ன மரம் சேர்?"

"என்ன மரமா இருந்தா என்ன? வெட்டும்!"

"ஏலாது சேர். தில்லை மரத்துப் பால் பட்டு எங்கட வாப்பாக்கு ஒரு கண் போன. பேர் தெரியாத மரத்தில நான் கோடாலி வெக்க மாட்டன். தெரிஞ்ச ஆள் ஒருத்தர் சொல்லட்டும், வெட்டுறன்."

"பட்டையரைக் கூப்பிடுங்கோ!" என்று மேலதிகாரி கத்தினார்.

அன்னம்மாக்காவின் கடை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தோம். பெயர் சொல்லக் கிடைத்த வாய்ப்பை இந்த மனுசன் எந்தக் காலத்தில் விட்டிருக்கிறார்? முழு அலுவலகமும் முற்றத்துக்கு வந்துவிட்டது. பட்டையர் இலையைக் கசக்கினார், பட்டையைச் சுரண்டினார், காயைக் கடித்தார், கண்ணை மூடினார். வாய் இரண்டு மூன்று தரம் திறந்து மூடியது. கண்ணைத் திறந்தபோது எதிரே அடுப்பும், தலைகுனிந்து நின்ற அன்னம்மாக்காவும்.

"தெரியாது" என்றார்.

"என்ன?"

"எனக்குத் தெரியாது சேர்."

"முந்தி மருது எண்டு சொன்னீராமே?"

"அது சும்மா சொன்னனான்."

காக்கா கோடரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு துறையில் பாதைப் படகைப் பிடிக்கப் போய்விட்டார், பொழுது சாயுமுன்பே கிண்ணியா போய்ச் சேரலாம் என்ற சந்தோசத்தோடு. அதற்குப் பிறகு வந்த மரம் வெட்டுபவர்களும் காக்காவின் தில்லைக் கதையைக் கேட்டுப் பின்வாங்கினார்கள். கார்க் கொட்டில் வேறு மூலைக்குப் போனது.

பட்டையரை மட்டும் அலுவலகம் சும்மா விடவில்லை. "இது கதிரையோ மேசையோ, கடிச்சுப் பாத்துச் சொல்லுங்கோ" என்று ஓய்வுபெறும் வரை அவரைக் கேலி பண்ணியே தின்றார்கள். அந்த மனுசன் அதன் பிறகு ஓர் இலையைக் கூடக் கிள்ளவில்லை. அன்னம்மாக்காவும் மரத்தின் பெயரைக் கேட்பதை விட்டுவிட்டார். அடுப்பிலிருந்து இறங்கும் முதல் தேநீர் மட்டும் பட்டையருக்குப் போகும்.

மரம் இப்போதும் நிற்கிறது. அதன் இலை, பட்டை, காய் எல்லாவற்றையும் மேலே எழுதிவிட்டேன். உங்களில் யாருக்காவது பெயர் பிடிபட்டிருக்கலாம். தயவுசெய்து எனக்கு எழுதிவிடாதீர்கள். பட்டையர் தெரியாது என்று சொன்ன மரம் அது; எனக்கும் தெரியாமலே இருக்கட்டும்.