ஒரு லோடு ஜல்லி

காரமடை,
ஐப்பசி 24, திங்கட்கிழமை, காலை பதினொரு மணி.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி பாலுசாமி அவர்களுக்கும், வீட்டில் அம்மணிக்கும், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் கிட்டுசாமி இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. ரங்கநாதர் புண்ணியத்தில் இங்கே நானும் தெய்வாத்தாளும், மிச்சமிருக்கிற இடத்தில், சௌக்கியம். உடுமலையில் தங்கள் தோப்பும், தேங்காய்க் களமும், தங்கள் முழங்கால் வலியும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். போன வியாழக்கிழமை நான் தங்களுக்குப் போன் போட்டது இந்த விஷயத்தைச் சொல்லத்தான். சாப்பிட்டீங்களா என்றீர்கள், ஆச்சுங்க நீங்க என்றேன், மழைங்களா என்றேன், தூறலுங்க என்றீர்கள், வெச்சரட்டுங்களா என்று நான் நாலு தரமும் நீங்கள் மூன்று தரமும் கேட்டுக்கொண்டோம். நாற்பது நிமிஷம் ஆயிற்று. வைத்த பிறகுதான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை என்பது ஞாபகம் வந்தது. முப்பத்தெட்டு வருஷம் தபால் துறையில் இருந்தவன் நான். வாயால் சொல்ல முடியாததைக் காகிதத்தில் சொல்லிவிடலாம் என்பது என் அனுபவம்.

விஷயம் சைட் பற்றியது. சுரேந்தர் மாப்பிள்ளைக்கும் எங்கள் லோகப்பிரியாவுக்கும் நிச்சயம் நடந்த அன்று, அத்தனை ஒறம்பரை சொந்தபந்தத்துக்கும் முன்னால், தாம்பூலத் தட்டில் பத்திர நகலை வைத்து என் கையால் கொடுத்தேனே, அவிநாசி ரோட்டுப் பக்கம் அஞ்சரை சென்ட், நாற்பதுக்கு அறுபது, பதினேழாம் நம்பர், அந்த சைட். தை பிறந்ததும் பூமி பூஜை என்று தாங்கள் நாள்கூடக் குறித்துவிட்டீர்கள். சம்பந்தி, அந்த சைட் இப்போது இல்லை. நான் விற்கவில்லை, அடமானம் வைக்கவில்லை, யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. பத்திரம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. சைட்தான் இல்லை. கொடுத்த வாக்கு போய்விடுமே என்று மூன்று வாரமாக எனக்குத் தூக்கமில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படிக்க வேண்டும்.

ஆடி மாசம் மூன்றாவது வாரம், சைட்டில் முளைத்திருந்த பார்த்தீனியத்தை வெட்ட ஆள் விடலாமா என்று பார்க்கப் போனேன். பக்கத்து சைட், பதினெட்டாம் நம்பர், தாஜுன்னிசா என்கிற ஓய்வுபெற்ற டீச்சரம்மாவுடையது. அங்கே இடுப்பளவு சுவர் எழும்பியிருந்தது. ஆடியில் எவன் வீட்டு வேலை ஆரம்பிப்பான் என்று அப்போதே என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. ஓரமாக ஒருத்தர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. சுற்றிலும் சிமெண்ட் பறக்கிறது, அவர் மேல் ஒரு பொட்டுத் தூசி இல்லை. என்னைக் கண்டதும் எழுந்து, நாற்காலியைத் துடைத்து எனக்குப் போட்டார். “ஏனுங்க, பதினேழாம் நம்பருங்களா? நான் இங்க கட்டறவனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க, ஒரே ஒரு லோடு ஜல்லி உங்க மூலையில கொட்டிக்கட்டுங்களா? ரெண்டே நாளுங்க” என்றார். “அதுக்கென்னங்க, ஆவட்டுமுங்க” என்றேன். வேறு என்ன சொல்வது? நேரில் வந்து கேட்டவருக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. தங்கள் குடும்பமும் அப்படித்தான் என்று பெண் பார்க்க வந்த அன்றே தெரிந்துகொண்டேன். வேண்டாம் என்று சொல்ல முடியாமல் ஆளுக்கு மூன்று தட்டு கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள்.

ரெண்டு நாளில் ஜல்லி போகவில்லை, ஜல்லிக்குத் துணையாக எம்சாண்ட் வந்தது. அப்புறம் கம்பி வளைக்க ஒரு கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, சாமான் வைக்க ஒரு ரூம். ஒவ்வொன்றுக்கும் அவர் முறையாகக் கேட்டார், நானும் முறையாக ஆவட்டுமுங்க சொன்னேன். ஒரு நாள் என் எல்லைக்கல் நாலடி உள்ளே தள்ளி நின்றது. என்னங்க இது என்று கேட்டதற்கு, “கல்லு பாவம் வெயில்லயே கெடந்துச்சுங்க. சித்தெ நெழல்ல எடுத்து வெச்சனுங்க” என்றார். சம்பந்தி, நான் அதற்கு நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்த பிறகுதான் என்ன நடந்தது என்று புரிந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாலு மாசத்தில் கொத்தனார் சித்தாள் என்று ஒருத்தரையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. கரண்டி சுரண்டுகிற சத்தம் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும், சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் கேட்கும். சுவர் ஆள் உயரம் தாண்டியும் வாசக்கால் வைக்கவில்லை, ஜன்னலும் இல்லை. ஏனுங்க, வாசல் எந்தப் பக்கமுங்க வருது என்று கேட்டேன். “அது கடைசியா வெச்சுக்கலாமுங்க. மொதல்ல உள்ள எத்தன பேருன்னு தெரியட்டுமுங்க” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் நன்றாக இருக்காதே.

புரட்டாசியில் அன்புமணி என்கிற சர்வேயரைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல வெயில், பகல் பன்னிரண்டு மணி. அவர் டேப்பைப் பிடித்தார், படித்தார், மறுபடி பிடித்தார். முகம் வெளுத்துவிட்டது. “டேப்பு நாப்பதடி காட்டுதுங்க, அளவு சரியாத்தான் இருக்குது. ஆனா இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு நான் நாலே எட்டுல போய்ச் சேந்துபோட்டனுங்க” என்றார். நான் நடந்து பார்த்தேன், நாலு எட்டுதான். திரும்பி வந்தேன், மூன்று. அன்புமணி டேப்பைச் சுருட்டக்கூட இல்லை, பைக்கைக் கிளப்பிவிட்டார். டேப்பு அவர் பின்னால் ரோடு நெடுக இழுபட்டுக்கொண்டே போயிற்று. இன்றுவரை நான் போன் போட்டால் எடுப்பதில்லை.

காவல் நிலையத்துக்கும் போனேன். யார் மேல் புகார் என்று கேட்டார்கள். பெயர் தெரியாது. மாசக்கணக்காகப் பழகிவிட்டு இனிப் போய் உங்க பேரென்னங்க என்று கேட்டால் அவர் மனசு என்ன பாடுபடும்? ‘அன்னார் மிகவும் மரியாதையானவர்’ என்று மனுவில் நானே எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ரைட்டர், “அப்பறம் என்னங்க உங்களுக்குப் பிரச்சன?” என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

சரி, வீடு கட்டுகிற டீச்சரம்மாவையே கேட்டுவிடுவோம் என்று அவர் குடியிருக்கும் அன்னூருக்குப் பஸ் ஏறினேன். “வாங்க சார், நானே உங்களப் பாக்கோணும்னு இருந்தேன். உங்க ஊடு எப்பங்க முடியும்?” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்க ஊடா, கட்டறது நீங்கதானுங்களே என்றேன். “ஐயோ, நான் ஒரு செங்கல்லுகூட வாங்கலீங்க. பதினேழாம் நம்பர்காரருக்குக் கட்டறனுங்க, ஒரு லோடு ஜல்லி மட்டும் உங்க சைட்டுல கொட்டிக்கட்டுங்களான்னு அந்த வெள்ளச் சட்டக்காரரு கேட்டாரு. அதுக்கென்னங்கன்னு சொல்லிப்போட்டேன்” என்றார். அப்போதுதான் கவனித்தேன். அவர் ஹாலில் சோபா மேல் டிவி, டிவி மேல் பீரோ. நான் உள்ளே வந்ததே பக்கவாட்டில் திரும்பித்தான். ஏனுங்க, இத்தனை சின்ன வீட்டிலா இருக்கிறீர்கள் என்று கேட்டேன். “போன மாசம் பெரிய ஊடா இருந்துச்சுங்க சார்” என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், சுவருக்குப் பின்னால் யாரோ சாந்து குழைத்துக்கொண்டிருந்ததால்.

வீட்டுக்கு வந்து தெய்வாத்தாளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். “வாயில என்ன கொழுக்கட்டையா இருக்குது? முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன கெரகம்? சொல்லிப் பழகுங்க!” என்று வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் பப்பாளி மரத்துக்கு முன்னால் என்னை நிறுத்திவிட்டாள். மூன்று நாள் மரத்தைப் பார்த்து முடியாது முடியாது என்று சொன்னேன். நாலாம் நாள் நேரே சைட்டுக்குப் போய், அந்த வெள்ளைச் சட்டைக்காரர் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, “முடியாதுங்க!” என்றேன். அந்த ‘ங்க’ எங்கிருந்து வந்து ஒட்டியது என்று தெரியவில்லை. அவர் அப்படியே உருகிவிட்டார். “முடியாதுங்கறதக்கூட இத்தன மரியாதையாச் சொல்லி நான் கேட்டதில்லைங்க. இனி இந்த சைட்டுல உங்களுக்குத் தொந்தரவே இல்லைங்க, இங்க எடமும் தீந்துபோச்சுங்க. உங்க ஊட்டு முன்னால ரெண்டே மூட்ட சிமெண்டு மட்டும் எறக்கிக்கட்டுங்களா?” என்றார். ஒருவர் மனசை ஒரே நாளில் ரெண்டு தரம் நோகடிக்க முடியுமா? அதுக்கென்னங்க என்றேன்.

நான் பஸ் பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் மூட்டையும் வந்திருந்தது, அவரும் வந்திருந்தார். முன்னறையில் உட்கார்ந்து தெய்வாத்தாள் கொடுத்த காப்பியைக் கையில் வைத்திருந்தார். “காரமடையில இப்படி ஒரு காப்பி நான் குடிச்சதில்லைங்க அம்மணி” என்றார். டம்ளரில் காப்பி ஒரு சொட்டுக் குறையவில்லை, மேலே ஆடை படிந்து கிடந்தது. எனக்கு மூன்று நாள் பாடம் நடத்திய அந்தப் புண்ணியவதி என்ன சொன்னாள் தெரியுங்களா? “அதுக்கென்னங்க, இன்னொரு டம்ளர் குடிங்க” என்றாள்.

மறுநாள் வாசலில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. எங்கள் வீட்டுப் படியிலிருந்து கேட்டுக்கு எப்போதும் பன்னிரண்டு எட்டு. வியாழக்கிழமை ஏழு, இன்றைக்கு மூன்று. கட்டிலில் ரெண்டு பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி தூங்குகிறோம். தெய்வாத்தாள் தோசை திருப்ப வேண்டுமென்றால் நான் எழுந்து வெளியே போக வேண்டும். மேலே அட்டாலிப் பலகையில் தலை இடிக்காமல் சாமி கும்பிட முடியவில்லை. சாமிப் படத்துக்குப் பின்னால் கரண்டி சுரண்டுகிறது சம்பந்தி, இதோ இதை எழுதும்போதும் சுரண்டுகிறது. எனக்குப் பயமாக இருக்குதுங்க. நான் கோழைதான், ஒத்துக்கறேன். சைட் போனால் போகட்டும், இந்த வீடு போனாலும் போகட்டும், கொடுத்த வாக்கைக் காப்பாத்த முடியாத பாவியை நீங்க என்ன வேணாலும் சொல்லுங்க, கேட்டுக்கறேன். ஆனா நம்ம குழந்தைக ரெண்டும் சரவணம்பட்டியில் வாடகை வீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டிருக்குதுக. மாப்பிள்ளை உங்க கை வளர்ப்பு, லோகப்பிரியா என் மக, ரெண்டு பேருக்கும் இல்லைன்னு சொல்லத் தெரியாது. அதனால் பெரியவர் நீங்கதான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டையில் யார் வந்து எதைக் கேட்டாலும், ஒரு கைப்பிடி மணல் கேட்டாலும், கதவைத் திறக்கக் கூடாது. நீங்களும் திறக்க வேண்டாம். உங்களுக்கு ஆறு ஏக்கர் தோப்பு இருக்குது. அந்த ஆள் இதுவரை உங்கள் ஊர்ப் பெயரைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஒரு காரியத்தையாவது சரியாகச் செய்திருக்கிறேன்.

பிள்ளைகள் இருவரும் கை வீசி நடக்க இடமுள்ள வீட்டில் நூறு வருஷம் வாழ எங்கள் ஆசீர்வாதம். வீட்டில் அம்மணிக்குத் தெய்வாத்தாளின் விசாரிப்புகள். முழங்காலுக்கு விளக்கெண்ணெய் தடவவும். அபராதம் எதுவானாலும் தலை வணங்கி ஏற்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை வேண்டும்
கிட்டுசாமி

பின்குறிப்பு: இதை உறையின் பின்பக்கம் எழுதுகிறேன். தபாலில் போடலாம் என்று வெளியே வந்தேன், கேட் இருந்த இடத்தில் சுவர் இருந்தது. ஈரம் காயவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம், என் பக்கத்தில், அவர் நின்றுகொண்டிருந்தார். உறையை நெஞ்சோடு அணைத்துத்தான் பிடித்திருந்தேன், விலாசம் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. “உடுமலைக்குங்களா கடுதாசி? நானும் அங்கதானுங்க போறேன். நம்ம சம்பந்தி கையிலயே குடுத்துர்றனுங்க” என்றார். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு கடிதத்தைக்கூடத் தபால்தலை இல்லாமல் நான் அனுப்பியதில்லை. ஆனால் அத்தனை தூரம் நமக்காகச் சுமந்துகொண்டு போகிறேன் என்கிற மனுஷனிடம் என்ன சொல்வது? அதுக்கென்னங்க என்றேன். ஆகையால் இதைத் தங்கள் கையில் கொடுத்துவிட்டு இப்போது எதிரில் நிற்பவர் அவர்தான். மேலே எழுதியதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு முகம் மாற வேண்டாம், பார்த்தால் சங்கடப்படுவார். எங்க சம்பந்தி வீட்டில் ‘இல்லை’ என்ற வார்த்தையே கிடையாதுங்க என்று தங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒரு டம்ளர் காப்பி கொடுங்கள், குடிக்கமாட்டார். தேங்காய்க் களத்து மூலையில் ஒரே ஒரு லோடு ஜல்லி மட்டும் கொட்டிக்கொள்ள வேண்டுமாம். ரெண்டே நாள்தானுங்களாம்.