அழுக்கென்று நான் ஒதுக்கிய குறுங்கோள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் இரத்த அழுத்தம் தவிர எல்லாம் நலம். அங்கே அத்தானின் முழங்கால் தவிர எல்லாம் நலமென்று நம்புகிறேன்.

நிற்க. "அக்கா, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சுத்துற ஒரு குறுங்கோளைக் கண்டுபிடிச்சுட்டேன், உன் பேரைத்தான் வைக்கப் போறேன்" என்று போன வாரம் போனில் பீற்றிக்கொண்டேன் அல்லவா? நீ அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாயாம். அதனால்தான் அவசரமாக இந்தக் கடிதம்.

நடந்தது இதுதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பொழுது போகாமல் ஒரு வானாய்வுக் குழுவில் சேர்ந்தேன். வானத்தில் ஒரே இடத்தைச் சற்று நேர இடைவெளியில் எடுத்த நான்கு படங்களைக் கணினிக்கு அனுப்புவார்கள். நட்சத்திரங்கள் அப்படியே இருக்கும். எந்தப் புள்ளி இடம் மாறுகிறதோ அது குறுங்கோளாக இருக்கலாம். முப்பத்தோரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனால் தொழில் புத்தி எங்கே போகும்? தாளில் வேண்டாத புள்ளியைக் கண்டால் அழுக்கென்று அடித்தே பழகிய கை, இங்கேயும் அதையே செய்தது. பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த இவள் எட்டிப் பார்த்து, "ஏங்க, அந்தப் புள்ளி நகருதுங்க" என்றாள். "அது அழுக்கு. நான் பாக்காத புள்ளியா?" என்றேன். "அழுக்கு நாலு படத்துலயும் வரிசையா நடந்து போகுமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி துணி மடிக்கப் போய்விட்டாள். மறுபடி பார்த்தேன், நடந்துதான் போனது. அப்போதாவது புத்தி வந்ததா? கூச்சநாச்சமில்லாமல் குழுவுக்கு அனுப்பும் படிவத்தில் 'கண்டுபிடித்தவர்' என்ற இடத்தில் என் பெயரை நிரப்பினேன். மூன்று முறை சரிபார்த்தேன். அனுப்பத் தெரியாமல், அந்தப் பொறுப்பை இவளிடமே கொடுத்தேன். போன வாரம் பாராட்டுக் கடிதம் வந்தது. பத்துத் தடவை படித்தேன், ஒரு பிழைகூட இல்லை. சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டு உடனே உனக்குப் போன் செய்தேன்.

அன்றிலிருந்து அதைக் கடக்கும்போதெல்லாம் இவள் சிரிக்கிறாள். திட்டினால் தாங்கிக்கொள்வேன், சிரிச்சா நான் என்னக்கா பண்ணுவேன்? கண்டுபிடித்தது அவள், திருடியது நான். வெட்கமாக இருக்கிறது. உன் பெயரை வைக்க எனக்கு உரிமையே இல்லை. அவளிடம் நேரில் சொல்லவும் வாய் வரவில்லை. நீயே போன் பண்ணி, "உன் வீட்டுக்காரன் ஒரு மடையன், மன்னிச்சுடும்மா"ன்னு எப்படியாவது சொல்லிடு. இந்தக் கடிதத்தை நன்றாக ஒட்டி, தபாலில் போட அவளிடமே கொடுக்கிறேன்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உன் திருட்டுத் தம்பி

பி.கு.: இது என் கையெழுத்து, அண்ணி. ஒட்ட மறந்துவிட்டார். படிவத்தை அனுப்பும் முன்பே பெயரை மாற்றிவிட்டேன். கூடத்தில் மாட்டியிருக்கும் கடிதத்தில் இருப்பது என் பெயர்தான்; எழுத்துப்பிழை தேடியவர் அதைக் கவனிக்கவே இல்லை. பிழையே இல்லை என்று அவர் சொன்னது சரி. நீங்கள் போன் செய்ய வேண்டாம், அவரே வாயைத் திறக்கட்டும். பெயர் வைக்கச் சொன்னால் அவர் பெயரைத்தான் சொல்வேன். இத்தனை வருஷமாக அவரை அசையாத புள்ளி என்றிருந்தேன். இன்றைக்குக் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது.