சல்லடை அண்ணன் தரம் பிரித்த கல்யாணம்

போடிநாயக்கனூரில் சல்லடை அண்ணனிடம் எட்டு எம்.எம். வாங்கிய மனிதப் பிறவி கிடையாது. கடவுள்களும் வாங்கியதில்லை. திருவிழாவில் சப்பரம் அவர் கடையைத் தாண்டியபோது கன்னத்தில் போட்டுக்கொண்டே, "அலங்காரம் ஏழுதான். மாலையில கீழ் வரிசை வாடிருச்சு" என்று அவர் முணுமுணுத்ததை நானே பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. மலையிலிருந்து இறங்கும் ஏலக்காயைச் சல்லடையில் போட்டுச் சலிப்பார்கள். எட்டு மில்லிமீட்டர் துளையில் விழாமல் மேலே நிற்பது முதல் தரம். அதற்குக் கீழே ஏழு, ஆறு. வெடித்தது, வெளுத்தது, சுருங்கியது எல்லாம் கழிவு. அண்ணன் முப்பது வருடம் ஓர் ஏலக்காய்க் கடையில் இந்த வேலை பார்த்தவர். வாங்க வந்த வியாபாரிகள் முன்னாலேயே முதலாளியின் சொந்தத் தோட்டத்துக் காயைக் கழிவு என்று தள்ளினார்; அன்றோடு வேலை போனது. அடுத்த மாதம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை போட்டார். ஆதார் திருத்தம், வருமானச் சான்று, பாஸ்போர்ட் விண்ணப்பம் எல்லாம் அங்கே நடக்கும். சல்லடை மட்டும் பழைய கடையிலிருந்து இறங்கி அவர் தலைக்குள் ஏறிக்கொண்டது.

டீயைக் குடித்துவிட்டு ஆறு என்பார். நிச்சயதார்த்தப் பத்திரிகை நகல் எடுக்க வந்த மாப்பிள்ளையிடம், "பொண்ணு ஏழு, நீ ஆறு. அவுக வீட்ல சலிக்காம எடுத்துட்டாக" என்பார். வரி உடைக்காமல், உரைநடைபோல நான் எழுதிய கவிதை ஒன்று பத்திரிகையில் வந்தபோது, பெருமையாக நகல் எடுக்கப் போனேன். நின்றபடியே படித்தார். "நிறம் இருக்கு அப்பு. நசுக்கிப் பாத்தா விதை இல்ல." இத்தனை வருட விமர்சனத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான வரி அது.

இப்படிப்பட்டவரிடம்தான் என் கல்யாணத்தைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டி வந்தது.

போடிக்காரர்களுக்குத் தெரிந்த வெளிநாடுகள் இரண்டு. காயை வாங்கும் நாடு துபாய். காய் விலையைக் கவிழ்க்கும் நாடு குவாத்தமாலா. மூன்றாவதாகக் கேரளாவைச் சேர்த்துக்கொள்பவர்களும் உண்டு. குவாத்தமாலா பூமியின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அங்கே நல்ல மழை என்றால் இங்கே டீக்கடையில் முகங்கள் சுருங்கிவிடும். நான் வேலை பார்த்த ஏற்றுமதிக் கம்பெனியில் வெளிநாட்டுக் கடிதங்கள் என் பொறுப்பு. அங்கே ஒரு மலைச்சரிவில், ஏலக்காய் விவசாயிகள் சங்கம் ஒன்றில், மரியேலாவுக்கும் அதே பொறுப்பு. ஒருவர் விளைச்சலை மற்றவர் வேவு பார்ப்பதற்காகத்தான் எழுதிக்கொண்டோம். நாலாவது வருடம் இரண்டு பேரும் பொய் சொல்வதை நிறுத்தினோம். என் நாற்பத்து நாலாவது வயதில், இரண்டு பெட்டிகளோடும் ஐந்து பெயர்களோடும் அவள் போடியில் வந்து இறங்கினாள்.

பதிவுத் திருமணம் முடிந்த மறுநாள் சான்றிதழை நகல் எடுக்கப் போனோம்.

"எங்கிட்டிருந்து பொண்ணு?" என்றார் அண்ணன்.

"குவாத்தமாலா, அண்ணே."

அண்ணன் மெஷினை அணைத்தார். "உலகத்துல எம்புட்டு நாடு கெடக்கு. ஏன்யா, நம்ம பொழப்புல மண்ணள்ளிப் போடுற நாடுதான் ஒனக்குக் கெடச்சுச்சா?"

மரியேலாவுக்கு அப்போது தமிழ் வராது. ஆனால் ஏலக்காய்க்காரர்களின் முகம் எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. கைப்பையைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த காய் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். அண்ணன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உருட்டினார். கடித்தார். ஒரு நிமிடம் மென்றார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் மூச்சுவிடவில்லை.

"ஏழு," என்றார் கடைசியில். "நாயஞ்சொல்லணும்ல. ஏழரைன்னே சொல்லலாம். உக்காரு ஆத்தா."

மரியேலாவின் விசா ஒரு வருடத்துக்கு. அது முடியுமுன் நீட்டிப்பு வாங்க வேண்டும். இல்லையென்றால் அவள் ஊருக்குத் திரும்பி, அங்கிருந்து புதிதாக விண்ணப்பித்து, எப்போது அனுமதி வருகிறதோ அப்போது வரலாம். அந்த 'எப்போது' என்பதற்கு எந்தத் தாளிலும் பதில் அச்சிடப்படவில்லை. எனக்குக் காத்திருக்கத் தெரியும். கடிதம் எழுதவும் தெரியும். வீட்டுக்கு வந்துவிட்ட ஒருத்தியை மறுபடியும் கடிதமாக மாற்றிக்கொள்ள மட்டும் தெரியாது.

அரசாங்கங்கள் காதலுக்கு எதிரி இல்லை. சுயசான்றொப்பமிட்ட நகல் இருந்தால் போதும். பத்து மாதம் கழித்து, மரியேலாவுக்குத் தமிழ் வந்துவிட்ட பிறகு, எடுத்த விண்ணப்பத்தின் முதல் பெட்டியே குடும்பப் பெயர் கேட்டது. அவளிடம் அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று. என்னிடம் இருந்ததோ ஒரே ஒரு இனிஷியல். "அவுககிட்ட ஒண்ணு கூடுதலாத்தான இருக்கு, நீ வாங்கி வச்சுக்க" என்றார் அண்ணன். கணவர் பிறந்த இடத்தை வரைபடத்தில் குறிக்கச் சொல்லி அடுத்த பெட்டி. ராசிங்காபுரத்தில் என் அப்பாவின் சோளக்காட்டு ஓரம் நான் பிறந்ததாக வீட்டில் சொல்வார்கள். வரைபடத்தில் அந்த இடத்தில் இப்போது செல்போன் டவர். டவரையே குறித்தோம்.

இதெல்லாம் சில்லறை. கடைசியில் வந்ததுதான் கனமான கேள்வி. கணவனும் மனைவியும் உண்மையில் சேர்ந்து வாழ்கிறார்களா? ஆதாரம் இணைக்கவும். மாவட்ட அலுவலகத்தில் நேரில் விசாரணையும் நடக்கும்.

"வீட்ல இருக்கிற அம்புட்டையும் கொண்டா," என்றார் அண்ணன். "போட்டோ, ரசீது, போன்ல அனுப்பிக்கிட்ட மெசேஜ், ஒண்ணு விடாதே. சலிக்கிறது என் சோலி."

கொட்டினோம். மூன்று நாள் சலித்தார். வெடித்த காயைப் பார்க்கும் அதே முகத்தோடு எங்கள் தாம்பத்தியத்தைப் பார்த்தார். பஸ்ஸில் வாய் திறந்து தூங்கும் மரியேலா: கழிவு. போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பில் கேரள எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்கள் பதினாறு பேருக்கு நடுவே நான் அவள் காலை மிதிக்க, அவள் என்னைத் திட்டிக்கொண்டிருக்கும் படம்: கழிவு. சிலிண்டர் பதிய மறந்தது யார் என்று போனில் நாங்கள் நடத்திய போர்: படிக்காமலே கழிவு. ஸ்டூடியோவில் அருவித் திரைக்கு முன்னால் மரப்பாச்சிகள்போல நின்ற பன்னிரண்டு படங்கள் மட்டும் மேலே நின்றன. போன் உரையாடலில் நாற்பது இடத்தில் வந்த 'சாப்பிட்டாயா' மட்டும் தேறியது. அவற்றுக்குக்கூட அவர் ஏழுதான் கொடுத்தார்.

"சாம்பிள்னா இப்பிடித்தான் இருக்கணும்," என்றார். "கையில அள்ளினா ஒரு காய் கோணலாத் தெரியக் கூடாது."

அதோடு விடவில்லை. விசாரணைக்கு எங்களையும் தரம் பிரித்தே அனுப்பினார். "எதக் கேட்டாலும் ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும். முன்னப்பின்ன இருந்துச்சுன்னா கலப்படம்னு நெனப்பாக."

விசாரித்த அதிகாரி கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். கோப்பை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். அருவி. அருவி. அருவி. சாப்பிட்டாயா.

"காலையில யார் முதல்ல எழுந்திரிப்பீங்க?"

"ஒண்ணாத்தான் எந்திரிப்போம்," என்றோம் இருவரும், ஒரே குரலில்.

"சமையல்?"

"ஒண்ணாத்தான்."

"சண்டை வருமா?"

"ஒருநாளும் வந்ததில்ல, மேடம்."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "எனக்குக் கல்யாணமாகி பதினெட்டு வருஷமாச்சு," என்றார் நிதானமாக. "நீங்க சொல்றதுல ஒரு வார்த்தையைக்கூட என்னால நம்ப முடியலை. இதைப் பார்த்தா ரெண்டு பேரும் போட்டோ எடுக்க மட்டும் சந்திச்சுக்கிற மாதிரி இருக்கு. பத்து நாள் தர்றேன். வாழ்ந்ததுக்கு ஆதாரம் கொண்டு வாங்க. இல்லைன்னா நான் சாதகமா எழுத முடியாது."

திரும்பும் பஸ்ஸில் தொடங்கியது. அந்த ஆளிடம் கோப்பைக் கொடுத்தது என் புத்தி என்று அவள். பொம்மைபோலத் தலையாட்டியது யார் என்று நான். அவள் கோபம் முதலில் ஸ்பானிஷில் ஏறும், பாதியில் தமிழுக்குத் தாவும், உச்சியில் எஸ்டேட் பெண்களிடம் கற்ற மலையாளத்தில் போய் முடியும். போடியில் இறங்கும்போது உச்சிக்கு, மலையாளத்தில் 'போதும்' என்று பொருள்படும் 'மதி'க்கு, வந்திருந்தாள். ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று கத்தினாள்.

"மதி! இவன்கூடப் பேசி மதி! பெட்டி கட்டுறேன், ஊருக்குப் போறேன்!"

"போ! போய் அங்கேயும் அருவி முன்னால நில்லு!" என்று நானும் கத்தினேன். பத்து நாள் கழித்து இது உண்மையாகிவிடக்கூடும் என்பது அப்போதுதான் உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் இதையெல்லாம் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். தான் தரம் பிரித்த சரக்கு திரும்பி வந்தது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. முகம் வெளுத்துப்போனது. பிறகு குனிந்து, அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்தார்.

"என்ன அண்ணே இது?"

"கழிவு."

"இன்னமும் வச்சிருக்கீங்களா?"

"எந்தக் கடையிலயாச்சும் கழிவத் தூக்கி எறிஞ்சு பாத்திருக்கியா? பொடிக்குப் போகும்யா. வாசம் பூராம் அதுலதான இருக்கு." சாக்கின் கட்டை அவிழ்த்தார். "அந்தம்மாவுக்குப் பொடிதான் வேணும்போல. மேல மினுக்கிக்கிட்டு நிக்கிற காயை நீட்டிப்புட்டேன். என் தப்பு, ஆத்தா."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் ஊரில் நாங்கள் இருவர் மட்டுமே.

பத்தாவது நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவரும் வந்தார். சாக்கும் வந்தது. அதிகாரி அம்மாள் ஒவ்வொன்றாக எடுத்தார். ஜீப்பு. தூக்கம். சிலிண்டர் போர். ஒரே நாளில் ஒரே மீன்குழம்பால் இருவரும் ஆஸ்பத்திரி போன சீட்டுகள். என் கையெழுத்தில் ஒரு மளிகைப் பட்டியல், அதன்மேல் அவள் கையெழுத்தில் அடித்தல்கள். கடைசியில், டைப் அடித்த ஒரு கடிதம். கீழ்வீட்டுக் கணக்கு வாத்தியார், எங்கள் வீட்டு உரிமையாளருக்கு எழுதிய புகார். 'மாடியில் குடியிருக்கும் தம்பதியர் நாள்தோறும் மூன்று மொழிகளில் சண்டையிடுகின்றனர். எங்களுக்குப் பாதிதான் புரிவதால் மீதியைப் பற்றி வீட்டில் விவாதம் ஏற்பட்டு எங்கள் நிம்மதியும் கெடுகிறது.'

நானே அப்போதுதான் பார்க்கிறேன். "இது எப்படி உங்ககிட்ட?" என்றேன்.

"அவரு எங்கிட்டத்தான டைப் அடிக்க வந்தாரு," என்றார் அண்ணன். "ஒரு நகல் எடுத்து வைக்கிறது வழக்கந்தான."

அம்மாள் புகாரை இரண்டு தடவை படித்தார். சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டார். "இந்தச் சண்டை எப்ப முடிஞ்சது?"

"இன்னும் முடியலை, மேடம்," என்றாள் மரியேலா.

"இவன் சிலிண்டர் இன்னும் பதியலை," என்று சேர்த்துக்கொண்டாள்.

நான் வாயைத் திறந்தேன். அம்மாள் கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

நீட்டிப்பு வந்ததும் அண்ணனிடம்தான் முதலில் காட்டினோம். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "ஒரு வருஷந்தானா? ஆறு எம்.எம்." என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

போன மாதம் கடையை விட்டுவிட்டுத் திருப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். முட்டி வலி. போகுமுன் எங்கள் வீட்டுப் படியேறி, எட்டு, ஏழு, கழிவு என்று எழுதிய மூன்று கவர்களைக் கொடுத்தார். "அடுத்த தடவைக்கு. கழிவுலருந்து வெரசா எடுத்துக் குடுங்க, மேல உள்ளதத் தொடாதீக." மாடிப்படிகள் எத்தனை எம்.எம். என்பதையும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

இந்த வாரம் அடுத்த நீட்டிப்பு விண்ணப்பத்துக்காகக் கவர்களைப் பிரித்தோம். கழிவுக் கவர் பிதுங்கிக்கொண்டிருந்தது. எட்டு என்று எழுதிய கவரில் ஒரே ஒரு படம். அந்தப் பத்தாவது நாள், அலுவலக வாசலில் எங்களை இறக்கிவிட்ட ஆட்டோக்காரர் அண்ணன் போனில் எடுத்துக் கொடுத்தது. ஆடிப்போன படம். என் தலை பாதி இல்லை. மரியேலா யாரையோ பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறாள். நடுவில் சாக்கை அணைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி, அண்ணன்.

மரியேலா உடனே போன் போட்டாள். "அண்ணே, கவர் மாறிப்போச்சு. கழிவு போட்டோவை எட்டுல வச்சிட்டீங்க."

"மாறல, ஆத்தா," என்றார். வைத்துவிட்டார். இந்த வருடக் கோப்பின் முதல் பக்கத்தில் அந்தப் படத்தைத்தான் ஒட்டியிருக்கிறோம்.