பெண் பார்க்கப் போன வீட்டில் ஒரு கூரையில்லாத கார்

நாம் வேலையை விட்டு வீட்டுக்கு வந்துவிடலாம், வேலை நம்மை விட்டுப் போகாது. தையல்காரர் நம் முகத்தைப் பார்க்கும் முன் காலரைப் பார்ப்பார். பல் டாக்டரிடம் ஜோக் சொன்னால் அவர் கண் நம் கடைவாய்ப் பல்லில் இருக்கும். என் விஷயத்தில் வேலை என்னோடு பெண் பார்க்கவே வந்துவிட்டது. வந்ததும் இல்லாமல், பெண்ணைப் பார்க்க விடாமலும் செய்துவிட்டது.

அப்போது நான் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில், பெயின்ட் ஷாப்பில் இருந்தேன். பெயின்ட் அடித்துக் காய்ந்த பாடிகள் ஒன்றன்பின் ஒன்றாக லைனில் நகர்ந்து வரும். இரண்டு பக்கமும் டியூப் லைட்டுகள் கண்ணைப் பறிக்கும். பருத்திக் கையுறை போட்ட உள்ளங்கையால் கதவு, பானெட், கூரை என்று தடவிக்கொண்டே போக வேண்டும். தூசி, பெயின்ட் வழிந்த தடம் என்று ஏதாவது கையில் தட்டினால் சிவப்பு மெழுகுப் பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம். அவ்வளவுதான். சரிசெய்வது அடுத்த ஸ்டேஷன்காரர் பாடு. குறை கண்டுபிடிப்பதற்கு மட்டும் மாதச் சம்பளம் தரும் உத்தியோகம் அது. (இந்த வேலையை ஆயுள் முழுக்கச் சம்பளமில்லாமல் செய்கிற மாமியார்கள் என்னை மன்னிக்கவும்.)

இதையே வருஷக்கணக்கில் செய்தால் மனிதன் கொஞ்சம் கோணலாகிவிடுகிறான். கேன்டீனில் சாப்பிடும் முன் தட்டைத் தடவிப் பார்ப்பேன். ரூம் சுவரில் இருந்த விரிசலுக்கெல்லாம் வட்டம் போட்டு வைத்திருந்தேன். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி தண்ணி கிண்ணி போடுவீங்களா?" என்று கவலையோடு கேட்டார்.

இந்த லட்சணத்தில் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண் வீடு மணிமங்கலம். தூத்துக்குடிப் பக்கத்து எங்கள் சர்ச் சபையும் அவர்கள் சபையும் ஏதோ கன்வென்ஷனில் சந்தித்துக்கொண்டதில் அமைந்த சம்பந்தம். பெண்ணின் அப்பா தேவராஜ், கம்பெனிகளுக்கு ஷிப்ட் பஸ் விடுகிறவர். நான் தினமும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியபடி வேலைக்குப் போன பஸ்ஸே அவருடையதுதான் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. பெண் எஸ்தர், தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். போட்டோவில் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. இதைவிட நல்ல இடம் அமையாது என்று எனக்கே தெரியும். முன்னால் பார்த்த இரண்டு வீட்டில், பையன் நாற்காலியைத் தடவிக்கொண்டே இருக்கிறான் என்று வேண்டாமென்று சொல்லியிருந்தார்கள்.

அம்மா ஊரிலிருந்து வந்து, என் வெள்ளைச் சட்டையை அவளே இஸ்திரி போட்டாள். பாக்கெட்டில் பேனா இல்லாமல் போனால் மரியாதையாக இருக்காது என்று மேஜையிலிருந்து ஒன்றை எடுத்துச் செருகிக்கொண்டேன். அது பேனா இல்லை.

மணிமங்கலத்தில் ஆட்டோ நின்ற இடத்தில் இரண்டு கருங்கல் தூண்களுக்கு நடுவே ஒரு இரும்பு கேட். கேட்டைத் தாண்டியதும் தகரக் கொட்டகைக்குக் கீழே அது நின்றது.

எப்படிச் சொல்வது? எங்கள் லைனில் வருவது வெள்ளை, வெள்ளை, சாம்பல், மறுபடி வெள்ளை. ஜனங்கள் அதைத்தான் வாங்குகிறார்கள். இது மயில் கழுத்தும் கடலும் சேர்ந்த பச்சை. ஒரு கூடமே நகர்ந்து வந்து நின்ற மாதிரி அவ்வளவு நீளம். முன்னால் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற குரோமியம். பின்னால் இரண்டு பக்கமும் மீன் துடுப்பு மாதிரி மேலே எழும்பிய வால். கறுப்பு டயரில் வெள்ளை வளையம். துணிக் கூரையை மடித்துப் பின்னால் தள்ளியிருந்தார்கள். உள்ளே சோபா மாதிரி சிவப்பு சீட், இடது பக்கம் ஸ்டீயரிங். ஐம்பதுகளில் அமெரிக்காவில் செய்த கார். எங்கள் கார்களைச் செய்தவர்கள் பெட்ரோலைக் கணக்குப் பார்த்துச் செய்தார்கள். இதைச் செய்தவன் சந்தோஷத்தில் செய்திருக்கிறான்.

அம்மா என் காதருகே குனிந்தாள். "ஏல சாமு, பாவம்ல. இவ்ளோ பெரிய காரு வாங்கிட்டு கூரை போட துட்டு பத்தல போல. நீ ஒண்ணும் கேக்காத, சங்கடப்படுவாவ."

உள்ளே உட்கார வைத்தார்கள். தேவராஜ் பெரிய உருவம், வெள்ளை வேட்டி, குரல் அவருடைய பஸ் ஹாரனுக்கு அண்ணன். வண்டியைப் பற்றி நான் கேட்டேனோ இல்லையோ, ஆரம்பித்துவிட்டார்.

"கோடம்பாக்கத்துல ஒரு ஸ்டுடியோ பின்னாடி கெடந்துச்சு தம்பி. உள்ள கோழி முட்ட போட்டுகினு இருந்துச்சு. இட்டாந்து ஒவ்வொண்ணா சேத்து இப்டி ஆக்கினேன். கல்யாணத்துக்கு வாடகை கேப்பாங்க, சினிமாக்கு கேப்பாங்க. நான் தர்றதில்ல. என்னத் தவிர ஒருத்தன் கை அது மேல பட்டதில்ல. டெய்லி காலைல நான்தான் தொடைக்கறது."

பிறகு அவரே ஜெபம் செய்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நானும் ஒரு கண்ணை மூடினேன். இன்னொரு கண் ஜன்னல் வழியாகக் காரில் இருந்தது. சாயங்கால வெயில் சாய்ந்து பின்பக்க மட்கார்டில் விழுந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு இடம் மட்டும் லேசாக அலை அடித்தது.

சாதாரண மனிதனுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது. சட்டைக்குள் எறும்பு விட்ட மாதிரி ஆகிவிட்டது. ஆமென் சொன்ன கையோடு, "ஒரு போன் வருது" என்று எழுந்து வெளியே போனேன். (போன் அம்மாவின் பைக்குள் இருந்தது.)

ஒரே ஒரு தடவை தடவிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கையுறைக்குப் பதில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டேன். பானெட்டில் ஆரம்பித்தேன். என்ன தகடு அது! எங்கள் கார்களில் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும். இது என்னைத் திருப்பி அழுத்தியது. கதவை லேசாகத் திறந்து மூடினேன். 'தொம்' என்று கோயில் கதவு சாத்துகிற சத்தம். இன்னொரு முறை மூடினேன். இன்னொரு முறை. அப்படியே பின்னால் போய், முட்டி போட்டு, கன்னத்தை மட்கார்டில் ஒட்டி, வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தேன். இருந்தது. கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது.

அதே சமயம் உள்ளே எஸ்தர் காபித் தட்டோடு கூடத்துக்கு வந்திருக்கிறாள். மாப்பிள்ளை நாற்காலி காலி. என்னைத் தேடி எல்லோரும் வெளியே வந்தார்கள். நான் முட்டி போட்டிருந்ததைப் பார்த்த அம்மா, "ஜெபம் பண்ணுதான்" என்று பெருமையாகச் சொன்னாளாம்.

"இன்னா தம்பி, வண்டி புடிச்சிருக்கா?" என்றார் தேவராஜ்.

'ஆமாம் சார்' என்று சொல்லிவிட்டு உள்ளே போய் பஜ்ஜி சாப்பிட்டிருக்கலாம். விதி விடவில்லை.

"ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க சார். ஆனா இந்த ஒரு இடம் மட்டும் மத்ததோட சேரல. இங்க புட்டி வச்சு, உப்புத்தாள் தேச்சு, மேல தனியா அடிச்சிருக்காங்க. கலரும் ஒரு நூல் கம்மி." வட்டத்தைக் காட்டினேன். மயில் பச்சையில் சிவப்பு வட்டம் மாரியம்மன் பொட்டு மாதிரி துலக்கமாக இருந்தது.

தேவராஜ் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "என் வண்டியிலயா? சான்ஸே இல்ல. யாரும் தொட்டதில்லன்னு சொன்னேன்ல?"

இந்த இடத்திலாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் என் தொழில் திறமையைச் சந்தேகப்பட்டுவிட்டார் அல்லவா?

"யாரோ தொட்டிருக்காங்க சார். ரிவர்ஸ் எடுக்கும்போது எதுலயோ இடிச்சிருக்காங்க. இந்த உயரத்துக்கு..." சுற்றும் முற்றும் பார்த்தேன். "அந்த கேட் தூண் சரியா இருக்கு சார்."

பின்னால் காபி டம்ளர்கள் கடகடவென்று ஆடின. எஸ்தரின் அம்மா, "பஜ்ஜி கருகுது" என்று உள்ளே ஓடினார். அடுப்பை எப்போதோ அணைத்தாயிற்று. தேவராஜ் மெதுவாகத் திரும்பினார்.

"எஸ்தரு."

"ஆமாம்ப்பா," என்றாள் எஸ்தர். "நீங்க ஊருக்குப் போயிருந்தப்போ. ஒரே ஒரு ரவுண்டு."

பெண் பார்க்க வந்த வீட்டில் பெண்ணைக் காட்டிக் கொடுத்தவன் என்று என் பெயர் தென்மாவட்டங்கள் முழுக்கப் பரவப்போகிறது என்று புரிந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை.

எஸ்தர் தட்டை என் அம்மா கையில் கொடுத்துவிட்டு, "அப்பா, நான் இவர்கிட்ட தனியா பேசணும்" என்றாள். கேட்டுக்கு வெளியே ஓரமாக நின்ற ஒரு ஷிப்ட் பஸ்ஸுக்குப் பக்கத்தில் போய் நின்றோம்.

"எங்கப்பா மூணு வருஷமா தினம் அதைத் துடைக்கிறாரு. அவருக்கே தெரியல. வந்து அரை மணி நேரம் ஆகல உங்களுக்கு."

"வேலைப் பழக்கம்ங்க."

"என்னைப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. அப்போதுதான் பார்த்தேன். போட்டோவில் கோபம் தெரியாது. கோபத்தில் இன்னும் நன்றாக இருந்தாள்.

"டிஃபெக்ட் ஏதாவது இருந்தா சொல்லுங்க. வட்டம் போட்டுக்கலாம்."

"இல்லைங்க." சுண்டெலிக் குரல்.

"கார் புடிச்சிருக்கா?"

"ரொம்ப," என்றேன். "கதவ மூணு தடவ மூடிப் பார்த்தேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நான் பத்து தடவ மூடுவேன். அது புடிச்சுதான் திருட்டுத்தனமா எடுத்தேன்." பிறகு ஏதோ யோசித்துவிட்டுச் சொன்னாள். "உங்களால எதையும் மறைக்க முடியாது போல. அது ஒண்ணுதான் உங்ககிட்ட ப்ளஸ் பாயின்ட். பார்க்கலாம்."

திரும்பி வந்தபோது தேவராஜ் தீர்ப்பு எழுதி முடித்திருந்தார். "கண்டு புடிச்சவரே சரி பண்ணிக் குடுக்கட்டும்."

எனக்குச் சரிபண்ணத் தெரியாது, அது அடுத்த ஸ்டேஷன் வேலை என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எங்கள் கம்பெனியின் மேல் அவருக்கு இருந்த மரியாதையெல்லாம் போயிற்று. கடைசியில் எஸ்தர் முன்பு ரகசியமாகப் போன அதே ஸ்ரீபெரும்புதூர் பெயின்டரிடம் அடுத்த ஞாயிறு போவதென்று முடிவானது. ஓட்டுவது எஸ்தர். ("மறைச்சு ஓட்னவ இனிமே நேரா ஓட்டட்டும்.") குறையைக் காட்ட நான். பின் சீட்டில் காவலுக்கு என் அம்மா.

அந்தப் பயணத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். படப்பை தாண்டி ஒரகடம் ரோட்டில் ஏறியதும் இன்ஜின் உறுமவில்லை, தொண்டைக்குள் பாடியது. பஸ் ஸ்டாப்பில் ஷிப்டுக்கு நின்ற பையன்கள் எல்லோரும் போனைத் தூக்கினார்கள். எனக்குத் தெரிந்த லைன் சூப்பர்வைசர் ஒருவர் பைக்கை ஓரங்கட்டி நின்று பார்த்தார். கையை ஆட்டினேன், என்னைக் கவனிக்கவேயில்லை. தலைக்கு மேலே வானம்தான் கூரை. அம்மா முந்தானையைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "கூரை போட்டா கெடுத்திரும்ல" என்றாள். எஸ்தர் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அந்தக் கார் மட்டும் மூடியிருந்தால் எனக்குக் கல்யாணம் ஆகியிருக்காது என்று இன்றும் நம்புகிறேன்.

ஆயிற்று. மாமனார் வீட்டை ஒட்டியே எங்கள் வீடு, கேட் ஒன்றுதான். எனக்கு அங்கே 'வட்டம் போட்ட மாப்ள' என்று பெயர். குழம்பில் உப்பு அதிகம் என்று முகம் சுளித்தால் போதும், எஸ்தர் பென்சிலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள்.

போன வருஷம் மாமனார் வேலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் காரை எடுத்தேன். ஒரே ஒரு ரவுண்டு. ரிவர்ஸில் உள்ளே வரும்போது 'நற' என்றது. அதே தூண். அதே மட்கார்டு. ஸ்ரீபெரும்புதூர் பெயின்டர் என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் மயில் பச்சையைக் கலக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை கொட்டகைக்குப் போனேன். மட்கார்டில் சிவப்பு வட்டம். எஸ்தர் பக்கத்தில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா வர்றதுக்குள்ள துடைச்சிடறேன். நான் உங்கள மாதிரி இல்ல," என்றாள். துடைத்தும் விட்டாள். மாமனார் வந்து தினமும் போலத் துடைத்தார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன் மாமனார் ஜெபம் செய்தார். ஒளிவு மறைவு இல்லாத குடும்பமாக எங்களை வையும் என்று அவர் கேட்டுக்கொண்டார். அவர் ஆமென் சொல்லும் முன் நான் சொல்லிவிட்டேன்.

"மாமா, நான் வண்டிய இடிச்சிட்டேன்."

ஜெபம் முடிந்த பிறகும் எஸ்தர் கண்ணைத் திறக்கவில்லை.

மாமனார் எழுந்து வெளியே போனார். பின்னாலேயே போனோம். மட்கார்டை நெடுநேரம் பார்த்தார். கேட் தூணைப் பார்த்தார். மறுபடி காரைப் பார்த்தார். பிறகு என் பாக்கெட்டில் கையை விட்டு, பென்சிலை உருவி, தூணில் பெரிதாக ஒரு வட்டம் போட்டார்.

"டிஃபெக்ட் இங்கதான் கீது," என்றார். "வண்டி இன்னா பண்ணும், பாவம்."

திங்கட்கிழமை கொத்தனார் வந்து தூணை இடித்து, வழியை அகலமாக்கிவிட்டார். இப்போது எங்கள் வாசலில் ஷிப்ட் பஸ்ஸே தாராளமாக உள்ளே வரும். இந்தச் சிறிய வீட்டுக்கு எதற்கு இவ்வளவு பெரிய கேட் என்று வருகிறவர்கள் கேட்டால் மாமனார் என் சட்டைப் பாக்கெட்டைக் காட்டுகிறார்.